கதாபாத்திரம் இறந்த பிறகு மூன்று வாரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொடர்கதையில் வாசகர்களுக்குப் பிடித்துப்போன ஒரு பாத்திரம் செத்துப்போனால், அடுத்த வாரம் ஆசிரியருக்கு வரும் கடிதங்களில் பாதி எழுத்தாளரைத் திட்டித்தான் வரும். "மனசாட்சியே இல்லையா, அந்தப் பிள்ளையை ஏன் கொன்றீர்கள்?" என்று கேட்பார்கள். இந்தக் கோபம் நியாயமானது. எழுதுகிறவருக்கு ஈரமே இல்லை என்று அது முடிவு கட்டும் இடத்தில்தான் தவறிப்போகிறது. வாசகர் ஒரு வாரம் அழுகிற சாவை எழுத்தாளர் மாதக்கணக்கில் முன்னாலேயே சுமக்கத் தொடங்கிவிடுகிறார். அந்தச் சுமையை எந்தப் பக்கத்தில் இறக்குவது என்று தெரியாதபோது கதையில் சாவு பொய்யாகிறது. பத்திரிகைகளுக்கும் இதில் பங்குண்டு. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1840-41இல் வாரப் பத்திரிகையில் எழுதிய 'தி ஓல்டு கியூரியாசிட்டி ஷாப்' தொடரில் நெல் என்ற சிறுமி இறக்கிறாள். அந்தக் காலத்தில் படங்களை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சிட வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். ஆகவே அவள் சாவை எழுதி முடிக்கும் முன்பே, 1840 டிசம்பரில், ஓவியர் ஜார்ஜ் கேட்டர்மோலுக்கு அந்தக் காட்சியை விவரித்துக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இறந்த குழந்தை சின்ன அறையில் படுத்திருக்கிறது. குளிர்காலம், அதனால் பூக்கள் கிடையாது. மார்பிலும் தலையணையிலும் குளிர்காலத்திலும் பசுமை மாறாத ஹாலிச் செடியின் இலைக் கொத்தும் அதன் பழமும் வைக்கலாம். ஜன்னலைச் சுற்றி ஐவிக் கொடி. முகத்தில் அமைதி தெரிய வேண்டும். இந்தக் கதை என் நெஞ்சை உடைக்கிறது, முடிக்க மனம் வரவில்லை என்றும் அதே ஓவியருக்கு எழுதினார். 1837இல் 17 வயதில் இறந்துபோன மைத்துனி மேரி ஹோகார்த்தின் நினைவும் அந்த நாட்களில் அவரை வாட்டியது. அவ்வளவு துக்கத்திலும் குளிர்காலத்தில் அந்த ஊரில் என்ன பூக்கும், என்ன பூக்காது என்று அவர் சரிபார்த்திருக்கிறார். துக்கம் உண்மையாக இருந்ததால்தான் அந்தக் கவனம் வந்தது என்று நினைக்கிறேன்.

'மதாம் பொவாரி' எழுதிய பிரெஞ்சு நாவலாசிரியர் பிளோபேர் இன்னும் ஒரு படி மேலே போனார். எம்மா பொவாரி விஷம் உண்ணும் பகுதியை எழுதியபோது வாயில் ஆர்செனிக்கின் சுவை வந்து, சாப்பிட்டதை வாந்தி எடுத்ததாக 1866இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஆனால் அந்த அத்தியாயத்தை வாசித்துப் பாருங்கள், ஒரு வரிகூட நம்மை அழச் சொல்லாது.

இதை நம் மொழியில் யாரிடம் கற்க வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் இளங்கோவடிகளைத்தான் சொல்வேன். சிலப்பதிகாரத்தில் கோவலன் கொல்லப்படும் கொலைக்களக் காதையை அளந்து படியுங்கள். அடைக்கலம் தந்த ஆயர் குலத்து மாதரி கொடுத்த காய்கள், பழங்கள், சாலி அரிசி எல்லாம் வரிசையாக வருகின்றன. காய் அரிந்து கண்ணகியின் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. தரையில் நீர் தெளித்துக் கையால் தடவி, வாழைக் குருத்து விரித்து, உண்ண அழைக்கிறாள். சாப்பிட்டவனுக்கு வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். கோவலன் தன் தவறுகளை நினைத்து உருகும்போது, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று அவள் ஒரே ஒரு முறை வாய் திறந்து குற்றம் சொல்கிறாள். அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். தெருவில் காளை ஒன்று எதிரே வருகிறது. அது தீநிமித்தம், ஆனால் அவன் குலத்துக்கு அந்த வழக்கம் தெரியாது. ஆகவே கவனிக்காமல் போய்விடுகிறான். முன்னறிவிப்பு வாசகனுக்குக் கிடைத்துவிட்டது, பாத்திரத்துக்குக் கிடைக்கவில்லை. அதற்கான காரணமும் கதைக்குள்ளேயே இருக்கிறது. இதைவிடச் சுத்தமாக ஒரு சகுனத்தை யாரும் எழுதிவிட முடியாது.

வெட்டு விழுவதோ ஒன்றிரண்டு வரி. வெட்டியவனுக்குப் பெயர்கூட இல்லை, 'கல்லாக் களிமகன் ஒருவன்', அவ்வளவுதான். பிறகு ஆய்ச்சியர் குரவை, துன்ப மாலை, ஊர்சூழ் வரி, வழக்குரை காதை என்று காதை காதையாக அந்தச் சாவின் விளைவு நடக்கிறது. செய்தி கண்ணகியின் காதுக்கு வந்து சேரவே துன்ப மாலை வரை ஆகிறது. சமையலுக்கு அத்தனை வரி, கொலைக்கு இரண்டு வரி, கொலைக்குப் பிறகு மதுரை எரியும் அளவுக்கு இடம். இந்த விகிதத்தைத்தான் நாம் இன்று தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு தொடரில் குடும்பத்தின் அத்தை இறக்கப்போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்க வைக்கும் முன் ஒரு தாளில் அவளுடைய வேலைகளை எல்லாம் எழுத வேண்டும். பால் வாங்குவது யார்? தாத்தாவின் மாத்திரையை எடுத்துத் தருவது யார்? பீரோ சாவி யாருடைய முந்தானையில் இருக்கிறது? சீட்டுப் பணம் எந்த மாதம் எடுப்பதாகப் பேச்சு? யார் யார் அவளை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ரேஷன் கார்டில் தலைவி அவள்தானா? இருபது வரியாவது தேறும். தேறவில்லை என்றால் அத்தை இன்னும் உயிரோடு வரவே இல்லை, அவளைக் கொல்லவும் முடியாது. தேறினால், இறந்த பிறகு அந்த இருபதும் ஒவ்வொன்றாகக் கதையில் தட்டுப்பட வேண்டும். மறுநாள் காலை பால்காரர் வழக்கம்போல இரண்டு பாக்கெட் கூடுதலாக வைத்துவிட்டுப் போகிறார். தாத்தா மாத்திரை போடாமல் மதியம் வரை உட்கார்ந்திருக்கிறார், யாருக்கும் நினைவில்லை. பீரோவைத் திறக்க ஆள் வர வேண்டியிருக்கிறது. வாசகர் அழுவது இங்கேதான். "அத்தை கண் மூடினாள்" என்ற வரியில் யாரும் அழுவதில்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சாவை எழுதும் முன் சாவுக்கு மறுநாளைய அத்தியாயத்தை எழுதிப் பார்ப்பது நல்லது. அது எழுத வராமல் வறண்டு கிடந்தால், அல்லது "குடும்பமே சோகத்தில் மூழ்கியது" என்று ஒரே வரியில் தீர்ந்துபோனால், அந்தச் சாவு கதைக்குத் தேவையில்லை. அந்தப் பாத்திரத்தை விட்டுவிடலாம், வெளியூருக்கு மாற்றலாக்கி அனுப்பலாம், வாழவும் வைக்கலாம். மறுநாள் அத்தியாயம் தானாக நீண்டுகொண்டே போனால் மட்டும் திரும்பி வந்து முந்தின நாளை எழுத வேண்டும். இப்படிச் செய்தால் எழுதுகிறவரின் துக்கமும் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். சாகும் காட்சிக்கு வரும்போது கை நடுங்காது.

என்ன காரணத்தால் சாகிறார் என்பதில் நம் தொடர்கதைகள் செய்யும் பிழைகளுக்குக் கணக்கில்லை. பாம்புக் கடியை எடுத்துக்கொள்வோம், கிராமத்துக் கதைகளில் அடிக்கடி வருவது. எந்தப் பாம்பாக இருந்தாலும் வாயில் நுரை, உடம்பெல்லாம் நீலம், இரண்டு நிமிடத்தில் முடிவு, அதற்குள் மூன்று பத்தி வசனம். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட இடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது, வீக்கமும் அநேகமாக இராது. விடிகாலையில் வயிற்று வலி என்று எழுவார், அஜீரணம் என்று சோடா கொடுப்பார்கள். பிறகு இமை தொங்கும், விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். இதற்கு மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் அவருக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும், சுற்றி நடப்பது கேட்கும், கண்ணைத் திறக்க முடியாது, பதில் சொல்ல முடியாது. இது தெரிந்த எழுத்தாளர் அங்கே 'கடைசி வார்த்தை' எழுதவே முடியாது. அந்தத் தடையே காட்சியைக் காப்பாற்றும். மகன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறான், அம்மா தூங்குகிறாள் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள், அவளுக்கு எல்லாம் கேட்கிறது. இதற்கு மேல் ஒரு வசனம் எதற்கு?

கண்ணாடி விரியன் என்றால் கதையே வேறு. கடித்த இடம் வீங்கும், வலி தாங்க முடியாது, ஈறில் ரத்தம் கசியும். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. சிறுநீரகம் கெட்டால் சாவு பல நாள் தள்ளிப் போகும். டயாலிசிஸ், கடன், மாமனார் வீட்டில் நகை கேட்டுப் போவது என்று ஒரு மாதத்துக்கு அத்தியாயம் இருக்கிறது. ஆக எந்தப் பாம்பு என்பது வெறும் தகவல் இல்லை, கதையின் நீளத்தையே அது தீர்மானிக்கிறது. இரண்டிலும் உயிர் போனால், அது இயற்கை மரணம் ஆகாது. போலீஸ் வரும், பிரேதப் பரிசோதனை நடக்கும். 2024 ஜூலைக்கு முன் நடக்கிற கதை என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவு. அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் உறவினர்கள் காத்திருக்கும் அந்த அரை நாள் நம் நாவல்களில் வெகு அபூர்வமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலான தொடர்களில் பகல் கடித்த பாம்புக்கு மாலையே சிதை மூட்டிவிடுகிறார்கள். சடங்குகளும் அப்படித்தான். நீர்மாலை, கோடி, நெய்ப்பந்தம், பால் தெளிப்பு, பதினாறாம் நாள் என்று எல்லாவற்றையும் எல்லா வீட்டிலும் நடத்திவிடக் கூடாது. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, மதத்துக்கு மதம் மாறும். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுத ஒரு மாலை போதும்.

சாகப்போகிறவரைச் சாவதற்கு இரண்டு வாரம் முன் தெய்வமாக்கிவிடுவது இன்னொரு கேடு. நேற்று வரை சிடுசிடுவென்றிருந்த மாமியார் திடீரென்று மருமகளுக்குத் தலை பின்னிவிடுகிறாள், மகனுக்குப் பிடித்த பணியாரம் சுடுகிறாள். அந்தப் பணியாரத்தைப் பார்த்ததுமே வாசகர் தேதி குறித்துவிடுவார். அவளைச் சிடுசிடுப்போடே சாகவிடுங்கள். பாதியில் நின்ற சண்டைதான் மருமகளை வருஷக்கணக்கில் தூங்கவிடாது.

வசதிக்காகக் கொல்வதை மட்டும் மன்னிக்கவே முடியாது. நாயகனுக்கு இரண்டாவது கல்யாணம் நடக்க வேண்டும் என்பதற்காக முதல் மனைவிக்குப் புற்றுநோய் வரவழைப்பது, சாதி மாறிக் காதலித்த பெண்ணை லாரியில் அடிபட வைத்து ஊரை நிம்மதியாக்குவது, கதையை நகர்த்தத் தெரியாமல் குழந்தையைக் கிணற்றில் தள்ளுவது. இவற்றைப் படித்து வாசகர் திட்டினால் அந்தத் திட்டுக்கு எழுத்தாளர் உரியவர்தான்.

வெளியார் பேச்சுக்காகக் கொன்றால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரோலப் சாட்சி. லண்டன் அதீனியம் கிளப்பில் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டு பாதிரியார்கள் அவருடைய நாவல்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதே பாத்திரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, அந்தத் திருமதி பிரவுடியைச் சகிக்க முடியவில்லை என்று பேசியது காதில் விழுந்தது. எழுந்துபோய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, இந்த வாரம் முடிவதற்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன் என்றார். சொன்னபடியே, 1866 டிசம்பர் முதல் 1867 ஜூலை வரை 32 வாரப் பகுதிகளாக வந்த 'தி லாஸ்ட் க்ரானிகிள் ஆஃப் பார்செட்' நாவலில் பத்து வருஷம் கூடவே வந்த பிஷப்பின் மனைவி இறந்தாள். கணவனை ஆட்டிப் படைத்தவள் கட்டில் காலைப் பற்றியபடி நின்ற நிலையிலேயே உயிர் விடுகிறாள். எழுத்தில் அது அற்புதமான சாவு. ஆனால் எழுதியவருக்கு ஆறவில்லை. அவளுடைய குணத்தின் ஒவ்வொரு நிழலும் தனக்குத் தெரிந்திருந்தது என்றும், செய்ததற்குச் சில சமயம் வருந்தியதாகவும், அவளுடைய ஆவியோடு இன்னும் வாழ்ந்துகொண்டிருப்பதாகவும் தன் சுயசரிதையில் எழுதிவைத்தார். ஒரு பாத்திரத்தை நன்றாகத் தெரிந்திருப்பதும் அதை இழப்பதும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் எனக்குத் தெரிந்து இல்லை.

சலிப்பில் கொன்றவர் கானன் டாயில். தான் படைத்த துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொல்ல நினைக்கிறேன், மேலான வேலைகளிலிருந்து என் மனதை அவன் இழுத்துக்கொள்கிறான் என்று 1891இலேயே தாய்க்கு எழுதினார். 1893 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் தள்ளிவிட்டார். தொழில் தெரிந்தவர்கள் அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹோம்ஸ் விழுவதை யாரும் பார்க்கவில்லை. ஹோம்ஸின் நண்பர் வாட்சன் திரும்பி வரும்போது பாறையில் சாய்த்து வைத்த மலைக்கோல், விளிம்பு வரை போய்த் திரும்பாத காலடித் தடங்கள், சிகரெட் பெட்டிக்கு அடியில் ஒரு கடிதம், இவை மட்டும்தான் இருக்கின்றன. உடல் கிடைக்கவில்லை. கொல்ல நினைத்த மனமே உடலைக் காட்ட மறுத்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பத்து வருஷம் கழித்து 1903இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பியபோது ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. தொடர் எழுதுகிறவர்கள் தீர்மானமாகக் கொல்வதென்றால் உடலைக் காட்டிவிட வேண்டும். காட்டாமல் விட்டால், வாசகர் கடிதங்களுக்கு இணங்கி என்றாவது ஒருநாள் திறப்பதற்குக் கதவை நாமே ஒருக்களித்து வைத்தவர்களாகிறோம்.

கொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிக்கும் மனநிலைக்குத் தமிழில் ஓர் அரிய உதாரணம் இருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. அதன் முடிவில் நாயகன் காளி என்ன ஆனான் என்பது சொல்லப்படவில்லை. பிறகு அவர் இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார். 'ஆலவாயன்' நாவலில் காளி இறந்துவிட்டான், 'அர்த்தநாரி'யில் பிழைத்துவிட்டான். ஒரே முடிச்சிலிருந்து கிளம்பி, சாவு ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது, சாகாமல் போனது என்ன செய்கிறது என்று இரண்டையும் தனித்தனியாக முழு நாவலாகவே எழுதிப் பார்த்திருக்கிறார். 'ஆலவாயன்' முழுவதும் காளியின் மனைவி பொன்னாவின் நாவல், இறந்தவனின் நாவல் அன்று. நாவல் எழுதப் பழகும் இளைஞர்கள் இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

சாவை முதல் வரியிலேயே சொல்லிவிடும் வழியும் உண்டு. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' ஜே.ஜே.யின் இறப்போடுதான் தொடங்குகிறது. அப்போது 'சாவானா மாட்டானா' என்ற பதைப்பு போய், எப்படி வாழ்ந்தான் என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

பத்திரிகைத் தொடருக்கு அது சரிப்படாது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள், வாரா வாரம் பதைப்பு வேண்டும் என்பார்கள். அங்கேதான் என் முறையீடு. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' மணிமேகலையின் மரணத்தோடு, 'மலர் உதிர்ந்தது' என்ற அத்தியாயத்தில் நின்றுவிடுகிறது. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள், அவர் முடிவுரையில் சுருக்கமாகப் பதில் சொன்னார். அத்தனை பெரிய காவியத்துக்கே, சாவுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் இடம் இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறதென்றால், வாரத்துக்கு ஆயிரம் சொல் எழுதும் இன்றைய தொடருக்கு எவ்வளவு தேவை!

ஆகவே தங்களிடமும் மற்றப் பத்திரிகை ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். முக்கியப் பாத்திரம் ஒருவர் இறந்தால், அதற்குப் பின் குறைந்தது மூன்று வாரம் தொடர் நடக்க இடம் கொடுங்கள். சாவைத் 'தொடரும்' என்ற சொல்லுக்கு முந்தின வரியாக வைக்கும்படி வற்புறுத்தாதீர்கள். அத்தியாயத்தின் நடுவில் அது வரட்டும், மீதிப் பக்கத்தில் வீடு நடக்கட்டும். "அடுத்த வாரம் சாகப்போவது யார்?" என்று முன் அட்டையில் போடுவதை நிறுத்துங்கள். ஓவியருக்கு அத்தியாயச் சுருக்கம் மட்டும் அனுப்பாமல், அறை, பருவம், நேரம், யார் யார் அருகில் என்ற விவரங்களை எழுத்தாளரிடம் வாங்கி அனுப்புங்கள். கண்டனக் கடிதங்களைத் தாராளமாகப் போடுங்கள், ஆனால் அந்த மூன்று வாரமும் முடிந்த பிறகு போடுங்கள். பாதியில் போட்டால், உயிர்ப்பித்துவிடலாமா என்ற சபலம் எழுதுகிறவருக்கு வந்துவிடும். தீபாவளி, பொங்கல் சமயத்தில் விளம்பரம் கூடித் தொடருக்குப் பக்கம் குறையும் வாரங்களில் இந்த அத்தியாயங்கள் வருமானால், வெட்டிச் சுருக்காமல் ஒரு வாரம் தள்ளி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நாவல் எழுதும் வாசகர்,
திருச்சிராப்பள்ளி